சரசக்காவும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும்

பெருமாநல்லூரில் என் சின்னப் பனியன் யூனிட்டில் அன்று காலை கட்டிங் மேசையின் மேல் துணி விரித்துக்கொண்டிருந்தோம். கைப்பேசி அடித்தது. என் பழைய முதலாளி சுப்பிரமணியம் அண்ணாச்சியின் எண். ஆனால் அந்த எண்ணிலிருந்து எப்போதும் பேசுவது அவர் மனைவி சரசக்காதான். அண்ணாச்சிக்குக் கைப்பேசி என்றாலே ஆகாது. அதனால் எடுத்த எடுப்பிலேயே, "சொல்லுங்கக்கா" என்றேன். மறுமுனையில் வந்தது அண்ணாச்சியின் குரல்.

"அக்கா இல்ல கண்ணு. நான்தான் பேசறேன். உன்ற அக்கா காலையில போயிட்டா."

நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டேதான் போயிருக்கிறார். கடைசியாக அவர் கேட்டது, அடுப்பில் பால் வைத்திருந்தேனே, யாராவது அணைத்தீர்களா என்பது. அணைத்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாராம்.

திருப்பூர் நல்லூரில் அவர்கள் வீட்டு முன் போட்டிருந்த பந்தலில் ஒருபக்கம் அழுகை, இன்னொரு பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. டெய்லர்கள், செக்கிங் பெண்கள், பீகாரிலிருந்து வந்து அரைகுறைத் தமிழ் பேசும் அயர்னிங் ஆட்கள் எல்லாரிடமும் அக்காவைப் பற்றி ஒரு கதை இருந்தது. நானும் என் கதையைத் தொடங்கினேன். கிராஃபிக்ஸ் கார்டின் அளவை அட்டையில் வெட்டிய இடத்துக்கு வருவதற்குள் பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், எழுந்துவிட்டோம். பாதியில் விட்ட அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அக்காவோடு வேலை செய்தவர்கள் படித்தால், "ஆமா, அவங்க அப்படித்தான்" என்பீர்கள். அவரைப் பார்க்காதவர்களுக்கும் அவர் எப்படிப்பட்டவர் என்று புரியும்.

சரஸ்வதி என்பது முழுப் பெயர். நூல் வாங்குவது, நிட்டிங், சாயப்பட்டறைக்கு அலைவது எல்லாம் அண்ணாச்சியின் பொறுப்பு. தைப்பது, சாம்பிள் அனுப்புவது, ஆர்டர் கொடுக்கும் பையரிடம் பேசுவது சரசக்காவின் பொறுப்பு. கீழே யூனிட், மேலே வீடு. நான் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள். கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்திருந்ததால் அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. முதலாளியை எங்கள் ஊர் வழக்கத்தில் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டேன். கொங்கு நாட்டில் அப்படிக் கூப்பிடுவார் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் பிடித்துப் போயிற்று. அப்புறம் யூனிட் முழுக்க அவர் அண்ணாச்சிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்காவின் குணத்தைப் பார்த்தேன். பையரின் ஆள் ஒருவர் சாம்பிள் பார்க்க வந்திருந்தார். டீ சர்ட்டை டம்மிப் பொம்மை மேல் மாட்டி, நாலு பக்கமும் சுற்றி வந்து, 'ஃபிட்டிங் பிரமாதம்' என்றார். அக்கா டீ கொண்டுவந்த ஆளை நிறுத்தி, அந்தச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, "இப்ப எங்களுக்கு டீ ஊத்துங்க பாக்கலாம்" என்றார். அவர் டீத் தூக்கை உயர்த்தினார். சட்டை மேலேறித் தொப்புள் தெரிந்தது. பையரின் ஆள் வெட்கப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "டம்மிக்குக் கையைத் தூக்கத் தெரியாதுங்க" என்றார் அக்கா. அளவை மாற்றித்தான் அந்த ஆர்டர் போனது.

அண்ணாச்சிக்கு உயிர் என்றால் கார். தொழில் தொடங்கிய காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேனில் சரக்கேற்றி அவரே ஓட்டிக்கொண்டு போனவர். கையில் காசு சேர்ந்து, டிரைவர் வைத்துக்கொள்ளும் நிலை வந்த பிறகும் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாராபுரம் போவார். அங்கே அமராவதிக் கரையில் அவர் பங்குக்கு ஒரு தோப்பு உண்டு. தோப்பைப் பார்க்கப் போகிறாரா, கார் ஓட்டப் போகிறாரா என்று அக்கா கேலி செய்வார்.

ஒருநாள் சாயப்பட்டறையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். பேச்சு திரும்பியது. இடது கையும் காலும் பாதிதான் திரும்பின. கோலை ஊன்றி நடக்கலாம், கார் மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் மாடி அறையை விட்டு இறங்குவதில்லை. பார்க்க வருகிறவர்களெல்லாம் "எப்படி இருந்த மனுசன்!" என்று உச்சுக்கொட்டிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கார் ஷெட்டில் தூசியேறிக் கிடந்தது. டிரைவர் போட்டுத் தாராபுரம் போகலாம் என்றால், "பொணத்தக் கொண்டு போற மாதிரி என்னைக் கொண்டு போறீங்களா?" என்று கேட்டு எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டார்.

"சாப்பாடு எறங்குது, மாத்திர எறங்குது, அந்த மனுசனுக்கு மனசுதான் எறங்க மாட்டீங்குது கண்ணு" என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் இருக்கும். ஒருநாள் ஆபீஸில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. பையருக்கு அவசரமாக மெயில் அனுப்ப வேண்டும். நானும் அக்காவும் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நான் மெயிலைத் தட்டி முடித்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் அக்காவைக் காணோம். கடைசி வரிசையில், கார்ப் பந்தயம் விளையாடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தம்பி கையில் நிஜ ஸ்டீரிங் மாதிரி ஒன்று. காலடியில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும்.

"ஏனுங் தம்பி, கிளச்சு இல்லீங்களா இதுல?"

"இல்லீங்கம்மா. கியர் தானா மாறிக்கும்."

"அப்படின்னா இடது காலுக்கு வேலையே இல்ல?"

"இல்லீங்க."

"ஒரு கையில ஓட்டலாமுங்களா?"

தம்பி ஒரு கையால் ஓட்டிக் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாளே அந்த விளையாட்டின் சிடி ஆபீஸுக்கு வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர், டிசைன் வேலைக்காக வாங்கியது. நல்ல கம்பெனியின் தயாரிப்பு. மேசையில் இடத்தை அடைக்காத ஒல்லியான பெட்டி. கணக்கு எழுதுவதற்கும் படம் வரைவதற்கும் அது போதும். விளையாட்டை ஏற்றி ஓடவிட்டோம். கார் ஓரிடத்தில் நின்றது, திடீரென்று வேறோரிடத்தில் முளைத்தது, மறுபடி நின்றது. ரோடே சாம்பல் பூத்துக் கிடந்தது.

"இதுக்கும் வாதம் வந்துருச்சாட்ட இருக்குதே கண்ணு" என்றார் அக்கா. சிரிப்பதா வேண்டாமா என்று நான் தவிக்கும்போது அவரே சிரித்துவிட்டார்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த என் சித்தப்பா மகன் ஜெபராஜுக்கு போன் போட்டேன். கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்று தனியாக வாங்கி உள்ளே மாட்ட வேண்டும் என்றான். ஆனால் கடையில் போய் எதையாவது வாங்கிவிடாதே, கம்பெனி செய்து தருகிற பெட்டியில் எல்லாக் கார்டும் சேராது என்று எச்சரித்தான். கார்டு செருகுகிற ஸ்லாட் சரியான வகைதானா, கார்டு உட்காரும் அளவுக்கு உள்ளே நீள உயரம் இருக்கிறதா, பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை அதையும் சேர்த்துத் தாங்குமா என்று பார்க்கச் சொன்னான். "வேற யாராவது கேட்டா சரி. உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அக்கறையாகவும் கேட்டான்.

பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைவிட எனக்குப் பெரிய பயம், குழந்தைகள் டீ சர்ட் ஆர்டர் ஒன்றின் டிசைன் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. திங்கட்கிழமை பையருக்குப் போயாக வேண்டும். வேலையும் முழுதாக முடியவில்லை.

"எக்கா, வேண்டாம்க்கா. ஏதாவது ஆயிட்டுன்னா ஆர்டர் போயிரும்" என்றேன்.

"ஆர்டரு போனா இன்னொண்ணு புடிப்போம். உள்ள இருக்கறதெல்லாம் சிடியில ஏத்தி வெச்சுக்கோ. ஸ்குரூடிரைவரு எங்க?"

ஓவர்லாக் தையல் மெஷினுக்கு வைத்திருந்த ஸ்குரூடிரைவரால் அக்காவே திறந்தார். உள்ளே மதர்போர்டே தெரியவில்லை, பஞ்சுதான் தெரிந்தது. யூனிட்டில் பறக்கிற பஞ்செல்லாம் அந்தச் சின்ன ஃபேன் வழியாக உள்ளே போய், ஒரு கைக்குழந்தைக்குத் தலையணை தைக்கிற அளவுக்குச் சேர்ந்திருந்தது. மெஷின் துடைக்கிற காற்றுக் குழாயை அக்கா எடுத்துவந்து ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் செக்கிங் பெண்கள் ஓடி வந்தார்கள். பஞ்சு பறந்து எங்கள் இரண்டு பேர் தலையும் நரைத்துவிட்டது. அக்கா மட்டும் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே, "வெள்ளையா ரெண்டு ஸ்லாட்டு, கறுப்பா நீளமா ஒண்ணு. உன்ற தம்பி எதைச் சொன்னான்?" என்று கேட்டார். அந்தக் கறுப்பு நீளத்தைத்தான் சொல்லியிருந்தான். மூன்றில் ஒன்று சேர்ந்தது.

பிரவுசிங் சென்டர்காரர் தன்னிடமிருந்த ஒரு கார்டை வைத்துப் பார்க்கக் கொடுத்தார். ஸ்லாட்டில் அது சரியாக இறங்கியது. ஆனால் பெட்டியை மூட முடியவில்லை. கார்டு இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒல்லிப் பெட்டிக்கு உயரம் குறைந்த கார்டு வேண்டும், அப்படிப்பட்டது கோயம்புத்தூரில்தான் கிடைக்கும் என்றார் அவர். நீளமும் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது, ஹார்டு டிஸ்க் வயர் குறுக்கே வருகிறது என்று தலையைச் சொறிந்தார்.

"சொல்ல முடியாட்டி என்னங்க? வெட்டிப் பாத்துக்கலாம்" என்றார் அக்கா. பேட்டர்ன் வெட்டுகிற அட்டையை எடுத்தார். இரவல் கார்டை அதன் மேல் வைத்து, அடியில் ஸ்லாட்டுக்குள் போகும் பல், பின்னால் நிற்கும் தகடு எல்லாவற்றையும் வரைந்து வெட்டினார். அட்டையைப் பெட்டிக்குள் இறக்கினார். மேலே இடித்தது, நறுக்கினார். முன்னால் வயரில் முட்டியது. சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரி ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கடைசியில் மூடியைப் போட்டதும் பொருந்தியது. அந்த முகத்தில்தான் என்ன பெருமை!

எனக்கு அப்போதும் தயக்கம்தான். "இவ்வளவும் செஞ்சி, அண்ணாச்சி அதைத் தொடவே மாட்டேம்னுட்டா?" என்று கேட்டேன்.

"பொருந்துமா பொருந்தாதான்னு உக்காந்து யோசிச்சுட்டே இருந்தா ஆகுமா கண்ணு? போட்டுத்தான் பாக்கோணும்" என்றார். கார்டைத்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனோம். அந்தக் கடையில் நின்றவர்களெல்லாம் இளவட்டங்கள். நடுவில் பட்டுக்கரைச் சேலையும் பெரிய குங்குமப் பொட்டுமாக அக்கா. மஞ்சப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"இந்த அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு குடுங்க."

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்கம்மா இது? பிளவுஸுக்கு அளவு குடுக்கற மாதிரி இருக்குது!"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. சேரலீன்னா திருப்பிக் கொண்டாந்துருவேன்."

கடையே சிரித்தது. ஆனால் அவரும் நல்ல மனிதர். மூன்று பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அட்டை மேல் வைத்துப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்றில் விசிறி பெரிது. மூன்றாவது அட்டைக்குள் அடங்கியது. பிறகு, "இதுக்குத் தனியா பவர் வயர் வேண்டாம். இருந்தாலும் உங்க எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்டுன்னு தெரியணுமே?" என்று கேட்டார்.

பவர் சப்ளையைத்தான் அப்படிச் சொன்னார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முந்தின நாள்தான் அதன் மேல் ஒட்டியிருந்ததைப் படித்து அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்கா என் கையை அழுத்தினார். கைப்பேசியை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"ஏனுங்க, நாந்தானுங்க. ஒரு ஒதவி. கீழ ஆபீஸ்ல அந்தக் கம்ப்யூட்டரு பொட்டிக்குள்ள ஒரு ஸ்டிக்கரு இருக்குது, மூடிய சும்மாதான் வெச்சிருக்கறோம், தூக்குனா தெரியும், எத்தன வாட்டுன்னு போட்டிருக்கும். பாத்துச் சொல்லோணும்... யாரும் இல்லீங்க, ஞாயித்துக்கெழம யாரு இருப்பாங்க?... தெரியுமுங்க, மாடிப்படிதான். மேல போனை அப்படியே வெச்சுட்டு, மெதுவா எறங்கி கீழ இருக்கற போன்ல சொல்லுங்க. நாங்க காத்திருக்கறோம். கடைக்காரரு வேற மொறைக்கறாரு."

கடைக்காரர் முறைக்கவே இல்லை. அவர் வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார். நாங்கள் அப்படியே நின்றோம். கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு அக்கா கண்ணை மூடியிருந்தார். அவருக்கு என்ன கேட்டதோ, கோல் ஒவ்வொரு படியாக ஊன்றுகிற சத்தம் கேட்டதோ, எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் கழித்து, "எரநூத்தி நாப்பதுங்களா? நல்லாப் பாத்தீங்களா? செரிங்க, செரிங்க" என்றார். எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அதே எண்தான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எறங்கிட்டாரு கண்ணு" என்றார்.

கடைக்காரர் அது தாங்கும் என்று சொல்லிவிட்டார். கார்டோடு ஒரு ஸ்டீரிங்கும் மிதிகளும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். அண்ணாச்சி மறுபடி மாடிக்குப் போயிருந்தார். கார்டு உள்ளே இறங்கி, 'டக்' என்று உட்கார்ந்தது. மூடியும் மூடிக்கொண்டது. அக்கா சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார்.

ஃபேன் ஓடியது. விளக்கு எரிந்தது. மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. கறுப்பு.

அணைத்துப் போட்டோம். அதே கறுப்பு. கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினோம். கறுப்புதான். ஜெபராஜுக்குப் போட்டால் போன் எடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போயிருப்பான். திங்கட்கிழமை, டிசைன், பையர், வாரண்டி ஸ்டிக்கர் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அக்காவும் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க ரெண்டு பேரும்?"

வாசலில் அண்ணாச்சி. கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று இரண்டாவது முறையாக, இந்தத் தடவை யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்திருக்கிறார்.

"செத்துப்போச்சுங்க" என்றார் அக்கா.

"வண்டி ஸ்டார்ட் ஆகலீன்னா எடுத்த உடனே இஞ்சினு போச்சும்பியா? மொதல்ல பேட்டரி வயரைப் பாக்கோணும்." உள்ளே வந்து, கோலின் நுனியால் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டார். "இந்த நீலத் தல வெச்ச வயரு எங்கிருந்து வருது?"

"மானிட்டர்ல இருந்து, அண்ணாச்சி."

"எதுல மாட்டியிருக்கு?"

"எப்பவும் மாட்டுற எடத்துலதான்."

"புதுசா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறீங்களே, அதுலயும் இதே மாதிரி நீலமா ஒரு ஓட்டை இருக்குதே. அது எதுக்கு, காத்து வாங்கறதுக்கா?"

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வயரைப் பிடுங்கிப் புதுக் கார்டில் மாட்டினேன். மானிட்டர் பளிச்சென்று வந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன் போட்டு அண்ணாச்சியை இறக்கியது போல இதுவும் அவர் திட்டமாக இருக்குமோ என்று பிற்பாடு அக்காவிடமே கேட்டிருக்கிறேன். "போன் போட்டது நானு. வயரு அந்த முருகன் பாத்துக்கிட்டது. சத்தியமா எனக்குத் தெரியாது கண்ணு" என்றார்.

அண்ணாச்சியை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைக்கக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது கையை ஸ்டீரிங்கில் வைத்தார். வலது கால் மிதியைத் தேடிக் கண்டுபிடித்தது. இப்போது ரோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. மரங்கள், பாலம், தூரத்து மலை எல்லாம் துல்லியம். மற்றக் கார்களெல்லாம் சீறிக்கொண்டு போக, இவர் இடதுபக்கமாக நிதானமாகப் போனார்.

"ஏம்மா, இதுல ஹாரன் எங்க?"

"ஹாரன் இல்ல போல இருக்கு, அண்ணாச்சி."

"ஹாரன் இல்லாம எவன் வண்டி ஓட்டுவான்? எல்லாரும் எதுக்கு இந்தப் பற பறக்கறானுங்க? வீட்ல பொண்டாட்டி புள்ள இல்லையா?"

பந்தயத்தில் கடைசியாக வந்தார். முகம் முழுக்க வேர்வை. அந்தத் திரையை ஒரு தடவைகூட அக்கா பார்க்கவில்லை, அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் இது கம்ப்யூட்டர் விளையாட்டுக் கதை. அடுத்த வாரம் அக்கா அந்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். முதல் வளைவிலேயே சுவரில் மோதினார். இரண்டாவதில் ஆற்றுக்குள் இறங்கினார். "பிரேக்கு! பிரேக்கு! அது பிரேக்கு இல்ல!" என்று அண்ணாச்சி போட்ட சத்தம் தையல் மெஷின்களைத் தாண்டி யூனிட் முழுக்கக் கேட்டது. டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். பல மாதங்களாக அந்தக் குரலை யாரும் கேட்டிருக்கவில்லை. "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்றார் அக்கா, இன்னொரு காரை இடித்துக்கொண்டே.

தினமும் காலையில் அரை மணி நேரம் இந்த வகுப்பு நடக்கும். அதற்காக அண்ணாச்சி இறங்கி வருவார். வந்தவர் அப்படியே நிட்டிங் பக்கம் ஒரு நடை போவார். அப்புறம் நூல் பெட்டியைத் திறந்து பார்த்துச் சண்டை போடத் தொடங்கினார். இடது கை கடைசி வரைக்கும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் மாடி அறையில் பகலில் அவர் படுத்திருந்து யாரும் அதற்கப்புறம் பார்க்கவில்லை. அக்காவோ ஒருநாள் சத்தமில்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். பேத்தி எடுக்கிற வயதில் லைசென்ஸ் எடுத்தார்.

ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுத்த நாள் என்னையும் கூப்பிட்டார். பின்சீட்டில் நான் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னால் அக்கா, பக்கத்தில் அண்ணாச்சி. தாராபுரம் ரோடு. "இதுலயாவது ஹாரன் இருக்குதுங்களே" என்று சொல்லி அக்கா தேவையில்லாமல் இரண்டு முறை அடித்துக் காட்டினார். வழி முழுக்க அண்ணாச்சியின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் ஆட்டு மந்தை ஒன்று திடீரென்று குறுக்கே புகுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி குலுங்காமல், சத்தமில்லாமல், கடைசி ஆட்டுக்குக் கைநீளம் தள்ளி நின்றது. ஆடுகள் போய் முடிந்த பிறகு அண்ணாச்சி, "ம்ம். பரவால்ல" என்றார்.

அமராவதிப் பாலத்தின் மேல், "ஓரமா நிறுத்து, சரசு" என்றார். ஆற்றில் அப்போது தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி அவர் பார்த்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். அக்கா கையை வெளியே நீட்டி, சுற்றிக்கொண்டு போ என்று சைகை காட்டினார், வண்டியை எடுக்கவில்லை.

பிறகு நான் பெருமாநல்லூரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். திறப்பு விழாவுக்கு இருவரும் காரில்தான் வந்தார்கள், அக்காதான் ஓட்டிக்கொண்டு. வந்து இறங்கியதும் ஆசீர்வாதம்கூடச் செய்யாமல், "வாசப்படியில என்ற காரை ஏத்தாம நிறுத்தினேன் பாத்தியா?" என்றார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள், அதே உச்சுக்கொட்டல், மேசை மேல் அதே ஆப்பிள் பைகள். அவர் பார்வை சுவரில் இருந்தது. என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். பையிலிருந்து என் யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்த துணியில் ஒரு துண்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"அண்ணாச்சி, துவைச்சா இந்தத் துணி முறுக்கிக்கிடுது. பக்கவாட்டுத் தையல் முன்னால வந்து நிக்கிது. எதுனாலன்னு பாத்துச் சொல்லணும்."

எதனால் என்று எனக்கு ஓரளவு தெரியும். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா, இந்த நேரத்தில் இதென்ன பேச்சு என்பது போல என்னை முறைத்தார். அண்ணாச்சியின் வலது கை மெதுவாகத் துணியை எடுத்தது. இழுத்துப் பார்த்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தது. ஒரு நூலை உருவி, இரண்டு விரல்களுக்கு நடுவில் திரித்தது.

சரசக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். துவண்டு கிடக்கிற ஒருவரிடம் ஆறுதல் சொல்ல அவர் போனதே இல்லை. ஒரு வேலையைக் கொண்டு போவார்.

"இந்த நூலை எவன் குடுத்தான் உனக்கு?" என்றார் அண்ணாச்சி. குரல் கரகரத்தாலும் சத்தமாகத்தான் வந்தது. "இத்தன முறுக்கு வெச்ச நூலை வாங்கிப் போட்டா துணி முறுக்காம என்ன பண்ணும்? கண்ண எங்க வெச்சிருந்த? நாளைக்குக் காலையில வண்டி அனுப்பு. வந்து பாக்கறேன்."

அனுப்பினேன். வந்தார்.